வேகமாகப் படிக்கப் போய் ‘இல்லை’யைத் தவறவிடாதீர்கள்

“பண மசோதாவைத் திருத்தவோ நிராகரிக்கவோ மாநிலங்களவைக்கு அதிகாரம் இல்லை.”

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு மாலையில் நூலகத்தில் உட்காருவது என் வழக்கம். இந்த வாக்கியம் இருந்த பக்கத்தை ஒரு பெண் கண் இமைக்கும் நேரத்தில் முடித்தாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பண மசோதாவை மாநிலங்களவை என்ன செய்யலாம் என்று கேட்டேன். “திருத்தலாம், நிராகரிக்கலாம் சார்.” மசோதா, திருத்தம், நிராகரிப்பு, அதிகாரம் எல்லாம் அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. கடைசிச் சொல் மட்டும் படவில்லை.

வேகவாசிப்பு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவள் அவள். வரியின் முன்பாதியைப் பிடித்தால் போதும், மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும் என்று அவற்றில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினையும், ‘இல்லை’ என்பதும் வந்துவிடும். அங்கே அந்த யோசனை ஓரளவு செல்லும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். முடியாது, கூடாது, அல்ல, தவிர, இன்றி என்று பொருளையே புரட்டிப்போடும் சொற்களெல்லாம் பின்னால்தான் நிற்கும். சொல்லுக்குள்ளும் இதே கதைதான்: ‘குடியரசுத் தலைவரால்’, ‘குடியரசுத் தலைவரை’ இரண்டுக்கும் கடைசி எழுத்துகளில்தான் வேறுபாடு, யார் யாரை நியமிக்கிறார் என்பது அதில்தான் இருக்கிறது. தமிழில் வேகம் கூட்ட நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். வரியின் நடுவில் வேகமாகப் போங்கள், முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லில் கண் நின்றே ஆகவேண்டும். “பொருந்தாதது எது”, “தவறான கூற்று எது” என்று கேட்கும் தேர்வில் இது மதிப்பெண்ணாகவே தெரியும்.

அடுத்தது, ஆங்கிலக் கணக்கை வைத்து நம்மை அளந்துகொள்வது. ஆங்கிலத்தில் கதையல்லாத நூலை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று உளவியல் ஆய்வாளர் மார்க் பிரிஸ்பர்ட் 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “எனக்கு அதில் பாதிதான் வருகிறது” என்று சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘போகாமலிருந்திருந்தால்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். போன மாதம் இதே மாதிரிப் பாடத்தில் பத்துப் பக்கம் முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்று உங்களோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் உள்வாங்கலாம் என்பார்கள். 1959-ல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வேகவாசிப்பு வகுப்புகள் இப்படிப்பட்ட நம்பிக்கையைப் பரவலாக்கின. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலத்துக்குத்தான் கண்ணுக்கு எழுத்து கூர்மையாகத் தெரியும். அதனால்தான் கண் தாவித் தாவிப் போகிறது, ஒவ்வோர் இடத்திலும் கால் நொடி போல நிற்கிறது. வாசிக்கும் கண்ணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் எழுதி 2016-ல் வெளியான கட்டுரை, வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கிவிட்டுப் புரிதலையும் அப்படியே வைத்திருக்க வாய்ப்பு குறைவு என்றே முடிவு சொன்னது.

திரும்பிப் பார்க்கவே கூடாது என்று பென்சிலால் வரியை மறைத்துக்கொண்டு படிப்பவர்கள் உண்டு. தேர்ந்த வாசகர்களின் கண்ணும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முறை பின்னோக்கித் தாவுகிறது. புரியாத இடத்தைச் சரிசெய்துகொள்ளத்தான் பெரும்பாலும் அப்படிப் போகிறது. ஆய்வில் அதைத் தடுத்துப் பார்த்தபோது புரிதல் குறைந்தது. கவனம் சிதறி ஒரே பத்தியை நான்கு முறை படிப்பது வேறு விஷயம். அதற்கு மருந்து, கைபேசியை வேறு அறையில் வைப்பது.

மனதுக்குள் ஒலிக்கும் குரலை அடக்கச் சொல்வதையும் நம்ப வேண்டாம். உதடு அசைந்தால் நிறுத்துங்கள், அது வேகத்தைப் பேச்சின் அளவுக்கு இறக்கிவிடும். உள்ளே கேட்கும் குரல் நீண்ட வாக்கியத்தின் தலையை வால் வரும்வரை பிடித்து வைத்திருக்கிறது. நம் வாக்கியங்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிப்பதும் தவறுதான். நாளிதழில் தெரிந்த செய்தியை ஓட்டமாகப் பார்க்கலாம், அரசியலமைப்புப் பாடத்தை அப்படிப் பார்க்க முடியாது.

உண்மையில் வேகத்தைக் கூட்டுவது பழக்கமான சொற்களும் முன்பே தெரிந்த விஷயமும்தான். அந்தப் பெண்ணிடம் கண் பயிற்சிகளை விட்டுவிடச் சொன்னேன். பத்தாம் வகுப்புக் குடிமையியலை முதலில் நிதானமாக முடித்தாள், அதன் பிறகு பெரிய புத்தகத்தை எடுத்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மூடிவைத்து, படித்ததைத் தன் வார்த்தையில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். சொல்ல வராத பக்கத்தை மறுபடி படிப்பாள். ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தவள், மூன்று மாதத்தில் நாற்பது நிமிடத்துக்கு வந்தாள். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை இப்போது மற்றவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.