போன் சர்வருக்கு நாட் போடும்போது நடக்கும் தப்புகள்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் சர்வர் இங்கே, ஆபீஸ் உள்முகவரிகளை வெளியே போகும்போது ஒரே பொது முகவரியாக மாற்றும் நாட் (NAT) வேலையைச் செய்கிற ஃபயர்வாலுக்குப் பின்னால். மலைக்கு அந்தப் பக்கம் குமுளிக் கிளையில் இருக்கும் போன்களும் இதிலேயே எக்ஸ்டென்ஷன். "ரிங் வருது, நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது வரலை" என்று புகார் வந்ததும் ஃபயர்வாலில் இன்னும் நாலு போர்ட்டைத் திறப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

ரிங் அடிக்க வைக்கும் சிப் (SIP) என்ற அழைப்புச் செய்தி 5060 போர்ட்டில் வருகிறது, குரல் வேறு யுடிபி போர்ட்டுகளில் தனியாக வருகிறது (ஆஸ்டெரிஸ்க் என்ற போன் சர்வர் மென்பொருளில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை). குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை சர்வர் சிப் செய்திக்குள்ளேயே எழுதிவிடும். நாட் மாற்றுவது உறைமேல் உள்ள விலாசத்தை மட்டும்தான், உள்ளே கடிதத்தில் 192.168.1.10 என்ற உள்முகவரியே இருந்தால் எதிர்ப்பக்கத்துக் குரல் எங்கே வந்து சேரும்? ஆஸ்டெரிஸ்க்கை நிர்வகிக்க ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருந்தால் சிப் செட்டிங்ஸில் எக்ஸ்டர்னல் அட்ரஸாக, இணையத்தில் உங்கள் ஆபீஸுக்கு உள்ள பப்ளிக் ஐபியைக் கொடுங்கள். கீழேயே லோக்கல் நெட்வொர்க்ஸ் இருக்கிறது, அதில் ஆபீஸ் சப்நெட்டை, அதாவது உள்முகவரி வரிசையை, போட்டுவிட்டு விபிஎன் (இணையத்துக்குள் போகும் தனி வழி) வழியாக வரும் குமுளி சப்நெட்டை விட்டுவிடுவார்கள். அப்புறம் கிளைக்குப் போகும் செய்தியிலும் பப்ளிக் ஐபியே எழுதப்படும், வெளி அழைப்பெல்லாம் அருமையாக இருக்கும், கிளை போன் மட்டும் ஊமையாகும்.

வருகிற அழைப்பு சரியாக 32 விநாடியில் கட் ஆகிறதா? லைனைத் திட்டாதீர்கள். எடுத்தாயிற்று என்று சர்வர் சொன்னதற்கு எதிர்ப்பக்கத்து ஒப்புதல் வந்து சேரவில்லை, சர்வர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. இதற்கும் காரணம் பெரும்பாலும் அதே தப்பான முகவரிதான், இல்லையென்றால் ஃபயர்வாலில் உள்ள சிப் ஏஎல்ஜி என்ற வசதி. அது உதவி செய்கிறேன் என்று சிப் செய்தியைப் பாதி திருத்திப் பாதி விட்டுவிடும், அதை அணைத்துவிடுவதே என் கட்சி.

இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டரும் நாட் செய்தால் இரட்டை நாட். அதை, நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அவசரத்தில் 5060-ஐ உலகத்துக்கே திறந்து வைப்பதுதான் காசைப் பிடுங்கும் தப்பு. சிப் சர்வர்களைத் தேடியே ஓடும் ஸ்கேனர்கள் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்துவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைப்பு போய் பில் உங்கள் தலையில் விழும். போர்ட் எண்ணை மாற்றினால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் சும்மா. டிரங்க் (வெளி அழைப்புகளுக்கான இணைய லைன்) தருபவரின் ஐபிக்கு மட்டும் அனுமதி, கிளைக்கு விபிஎன், மற்ற எதற்கும் கதவு வேண்டாம்.

மழைக்காலத்தில் கேபிள் அறுந்து 4ஜி பேக்கப்புக்கு மாறினால் வேறு கதை. ஃபயர்வாலுக்குக் கிடைக்கும் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அது பலர் பங்கிடும் நாட், வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் அதில் எடுபடாது. சர்வரே வெளியே போய் ரிஜிஸ்டர் செய்யும் டிரங்காக வைத்து, 30 விநாடிக்குள் இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி (கீப்-அலைவ்) ஒன்று போகும்படி செய்யுங்கள். பல ஃபயர்வால்கள் சும்மா கிடக்கும் யுடிபி இணைப்பை அந்த அளவு நேரத்திலேயே மறந்துவிடும். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் மெயின் கேபிளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கூப்பிடச் சொல்லி ஒரு நிமிஷமாவது பேசிப் பாருங்கள்.