காலேஜில் விவசாயம் செய்யணுமா? மெஸ் வாளியில் இருந்து ஆரம்பியுங்கள்

முதல் வருடம் எல்லோரையும் போல நானும் மரக்கன்றுதான் நட்டேன். பேனர் கட்டி, காலேஜ் முதல்வர் கையில் பூவாளியைக் கொடுத்து நாலு போட்டோ எடுத்து, டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் கலைந்துவிட்டோம். அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று நடக் கூப்பிட்டார்கள். அப்போதுதான், இதை விட்டுவிட்டு வேறு எங்கே கை வைக்கலாம் என்று நாலைந்து பேர் யோசிக்க ஆரம்பித்தோம். ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு அந்த இடம் மெஸ்தான். சாப்பாடு, கழிவு, தண்ணீர் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கும்.

முதல் வேலை, ஒரு வாரம் எடை போடுவது. பழைய பேப்பர் கடைக்காரர் கையில் வைத்திருப்பாரே, கொக்கி போட்ட சின்ன டிஜிட்டல் தராசு, சில நூறு ரூபாய்தான், அதில் ஒன்று வாங்குங்கள். தட்டில் மீந்து கொட்டுகிற சோறு ஒரு வாளி, காய் நறுக்கும் இடத்துத் தோலும் காம்பும் இன்னொரு வாளி. இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, அன்றைக்கு என்ன சமையல் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பூரி நாளில் வாளி காலியாகக் கிடக்கும், உப்புமா நாளில் வழியும், ஞாயிற்றுக்கிழமை இரவு பாதிப் பேர் வெளியே சாப்பிடப் போனது தெரியாமல் வழக்கமான அளவுக்கு வடித்த சோறு அண்டாவோடு நிற்கும். மெஸ் கமிட்டியில் ‘உணவை வீணாக்காதீர்கள்’ என்று ஆயிரம் தடவை பேசினாலும் நடக்காதது இந்த ஒரு தாளை நீட்டினால் நடக்கும், ஏனென்றால் அது மெஸ் பில் விஷயம்.

அப்புறம் உரம். இங்கேதான் நாங்கள் மொத்தமாகச் சொதப்பினோம். ஆர்வக்கோளாறில் சாம்பார் சோறு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டி மேலே மண்ணைப் போட்டு மூடினோம். நாலாம் நாள் நாற்றம் லேடீஸ் ஹாஸ்டல் வரை போய், வார்டன் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். அப்புறம்தான் தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் போய் நின்றோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் சொன்னது இதுதான்: தட்டு மீதிச் சோற்றைத் தொடாதே, அதைப் பன்றிப் பண்ணைக்காரர் கேன் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார், அவர் பிழைப்பு அது, நீ காய்க் கழிவையும் சருகையும் மட்டும் எடு. அவர் தினமும் கூட்டிக் குவித்துக் கொளுத்தும் சருகுதான் எங்களுக்குத் தேவைப்பட்ட பாதி சரக்கு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முறை சுலபம். நிழலான இடத்தில், மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலையையோ பழைய பலகையையோ நிறுத்துங்கள். இதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. அடியில் அரையடி சருகு, மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்க் கழிவு, அதன் மேல் மறுபடி சருகு. சாணம் கிடைத்தால் கரைத்துத் தெளியுங்கள், இல்லாவிட்டால் புளித்த மோர் போதும். எப்போது மூடினாலும் மேலே சருகுதான் தெரிய வேண்டும், ஈ வராமல் இருப்பதற்கு அது ஒன்றே வழி. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூன்று நாளில் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் கை சுடும். வாரம் ஒருமுறை கிளறி விட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். நாற்றம் வருகிறதென்றால் காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் தோட்டம். காலேஜ் தோட்டங்கள் பூச்சியால் சாவதைவிட அட்டவணையால் சாவதுதான் அதிகம். கத்தரி நாற்று விட்டு, எடுத்து நட்டு, காய்க்கும் சமயத்தில் செமஸ்டர் லீவு வந்துவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நமக்கு நல்லதாகவே போய்விட்டது, ஜூலை பாதியில் ஆடி பிறக்கும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருப்போம். முதல் போகம் கீரை மட்டும் போடுங்கள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கலாம், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மறுபடி துளிர்க்கும். விதை கடுகைவிடச் சின்னது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக உரத்தைச் சலித்துப் போட்டு, பூவாளியில்தான் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள். வெண்டை, கொத்தவரை இரண்டாவதாக. வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும், இன்டர்னல் தேர்வு என்று நாலு நாள் விட்டால் கட்டைதான் மிஞ்சும்.

பாத்தியை மேடாகப் போடுங்கள், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்து நிற்கும்போது பள்ளத்துப் பாத்தி குளமாகிவிடும். இடம் பார்க்கும்போது ஒரு அடி தோண்டிப் பாருங்கள். பல வளாகங்களில் மேல்மண்ணுக்குக் கீழே கட்டிட வேலையில் மிஞ்சிய செங்கல்லும் சிமென்ட்டும்தான் இருக்கும். மெஸ்ஸில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதிலிருந்து வெளியே போகும் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள், உப்பு கூடுதல். கை கழுவும் தண்ணீரை ஓரமாக நாலு வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம்.

அடுத்தது உள்ளூர்க் காய்கறி. 1999-இல் மதுரையில் தொடங்கியது முதல் உழவர் சந்தைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. காலையில் ஆறு மணிக்குப் போய் விலைப்பலகையைப் பார்த்து, நாலு விவசாயிகளிடம் பேசிவிட்டு வாருங்கள். ஆனால் மெஸ் காய் முழுவதையும் அங்கே மாற்றுகிறோம் என்று கிளம்பாதீர்கள், நாங்கள் கிளம்பி முட்டிக்கொண்டோம். விலைகூடப் பிரச்சினை இல்லை, பில்தான் பிரச்சினை. ஆடிட்டுக்குப் பில் வேண்டும், கீரை விற்கும் அக்காவிடம் பில் புத்தகம் கிடையாது. கல்லூரி ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துக் காசு தரும், அவருக்கு அன்றன்றைக்குக் காசு வேண்டும். இதற்கு வழி, பக்கத்தில் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனி. அவர்களால் முறையான பில் போட முடியும். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பொருள், கீரையோ வாழைப்பழமோ, அதில் தொடங்குங்கள். மெஸ் மாஸ்டரை முதலில் கேளுங்கள், கீரை ஆய்கிற வேலை அவருடைய ஆட்களுக்குத்தான் கூடும்.

சிறுதானியம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று எங்கள் ஆட்களும் உற்சாகமாக வரகு சாதம் போட்டு, ஆறிப்போய்க் கட்டியாகி, அண்டாவோடு பன்றிப் பண்ணைக்குப் போனது. பொங்கலில் போடுங்கள், சாமைப் பொங்கலும் தினைப் பொங்கலும் சூடாக இறங்கினால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை. பாரம்பரிய அரிசி என்றால் தூயமல்லியில் தொடங்குங்கள், வெள்ளையாக இருக்கும், சண்டை வராது. மாப்பிள்ளை சம்பா அப்புறம்.

ஆள் சேர்க்க என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) நல்ல வழி. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டும், பாத்தி வேலையை அதில் எழுதிக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் தட்டாது. ஏழு நாள் முகாமை ஒரு விவசாயக் கிராமத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள நினைத்தால், கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணையில் பயிற்சி முகாம்கள் நடக்கும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் முன்னின்று தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நிலம் உள்ள நண்பன் எவனாவது இருந்தால் இழுத்துக்கொண்டு போங்கள்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் வளாகம் காலி. அப்போது பாத்தியைக் காப்பாற்றப் போராடாதீர்கள். மார்ச்சில் கடைசிக் கீரையைப் பறித்துவிட்டு சருகைக் கனமாகப் போர்த்திப் போட்டுவிடுங்கள், மண் வெயிலில் வேகாமல் இருக்கும். அதற்கு முன்பே தண்டுக்கீரையில் நாலு செடியை மட்டும் பறிக்காமல் பூக்க விட்டிருக்க வேண்டும். காய்ந்த கதிரைக் கசக்கிப் புடைத்தால் கறுப்பு விதை ஒரு கைப்பிடி தேறும். அதை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, விதைத்த தேதி, பறித்த தேதி எழுதிய சீட்டையும் உள்ளே வைத்து, தோட்டத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். ஜூலையில் ஜூனியர் யாராவது அவரைத் தேடி வருவார்கள்.