நாலு மைக் போதும்: ராக் டிரம்ஸ் கனமாக விழப் பதிவு செய்வது எப்படி?

பத்துக்குப் பத்து அறையில் சுவர் முழுக்க ஒலியை உறிஞ்சும் ஃபோம் ஒட்டிவிட்டு, "டிரம்ஸ் ஏன் சப்பென்று இருக்கிறது?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ராக் டிரம்ஸின் பலத்தில் பாதி அறையிலிருந்துதான் வருகிறது. அதனால் வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஸ்டுடியோ தேடினால், என்னென்ன மைக் இருக்கிறது என்று கேட்பதற்கு முன் கூரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

முதலில் டியூனிங். டிரம் தோலை இழுத்துப் பிடிக்கும் திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் விரலால் தட்டினால் ஒரே சுருதி கேட்க வேண்டும். மிருதங்கமோ தவிலோ வாசிக்கும் நண்பர் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காது தப்பாது. மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இரைச்சலுக்குப் பயந்து ஏசியை நிறுத்தினால் அறை சூடேறி டியூனிங் நகரும். அதனால் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள், டேக்குகளுக்கு நடுவே தட்டியும் பாருங்கள்.

அடுத்து மைக். ஸ்னேருக்கு (அடியில் கம்பிகள் அதிரும் டிரம்) ஷூர் எஸ்எம்57 மைக்: விளிம்புக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, நடுவைப் பார்த்துச் சாய்த்து, மைக்கின் முதுகு ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பக்கம் இருக்கும்படி. கிக்கிற்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஏகேஜி டி112 மாதிரி ஒரு மைக். முன்தோல் ஓட்டை வழியாக உள்ளே தள்ளினால் 'டக்' கூடும், வெளியே இழுத்தால் 'தும்' கூடும். அதிர்வை அடக்க டிரம்முக்குள்ளே ஒரு தலையணை போதும்.

மிச்சம் இரண்டு மைக்தான் முக்கியம். இங்கிலாந்து இன்ஜினியர் கிளின் ஜான்ஸ் பெயரில் வழங்கும் முறை இது. ஒன்று ஸ்னேருக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்) அந்தப் பக்கம், அந்த டாமைவிடச் சற்று உயரத்தில், ஸ்னேரைப் பார்த்து. ஸ்னேரின் நடுவில் ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு மைக்குக்கும் தூரம் ஒன்றா என்று அளந்துவிடுங்கள். தூரம் மாறினால் ஒரே அடி இரண்டு நேரத்தில் வந்து சேரும், ஸ்னேர் மெலிந்துபோகும். கிக் மைக்கையும் இவற்றோடு சேர்த்துக் கேளுங்கள். ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்தி, எந்த நிலையில் அடி தடிமனாகக் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள்.

லெவல்? பலமான அடியே பதிவு மீட்டரில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சரி.

இன்னொரு மைக் கையில் இருந்தால் கதவைத் திறந்து மாடிப்படியில் வையுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் கீழ்க்கூடத்தில் வாசிக்க, கிளினின் தம்பி ஆண்டி ஜான்ஸ் மைக்குகளை மாடிப்படியின் மேலே தொங்கவிட்டுத்தான் பதிவு செய்தார். நம் வீட்டு மொசைக் படிக்கட்டும் சளைத்ததல்ல. அந்த மாடிப்படி மைக்கின் டிராக்கை மட்டும் கம்ப்ரசரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) நன்றாக நசுக்கி மற்றவற்றுக்கு அடியில் கலக்குங்கள். சிம்பல் (உலோகத் தட்டு) முந்திக்கொண்டு வந்தால் அந்த மைக்கைத் தரையோரம் இறக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால், சிம்பலை மெதுவாக அடிக்கும்படி டிரம்மரிடம் சொல்ல வேண்டியதுதான்.