ட்ரோன் திரையில் எழுத்து வரவில்லையா?
அனலாக் கேமராவின் வீடியோ வயரை நேராக, படத்தை அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டரில் பற்றவைத்தால் படம் வரும், எழுத்து வராது. படம் ட்ரோனை இயக்கும் போர்டான ஃபிளைட் கன்ட்ரோலர் வழியாகப் போனால்தான் அதிலுள்ள சிப் அதன்மேல் வோல்ட்டையும் நேரத்தையும் எழுதும். பல போர்டுகளில் அந்தச் சிப்புக்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் போகாது. பேட்டரியை இணைத்துப் பாருங்கள். அதற்கு முன் ஆன்டெனாவை மாட்டி, சுழலும் இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள்.

என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது வேறொன்று. ஃபிளைட் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான பேட்டாஃபிளைட்டில் கடைசி வரிசையில் வைத்த பேட்டரி அளவு திரையில் காணவே இல்லை! பிஏஎல் என்ற வீடியோ முறையில் எழுத்துக்கு 16 வரிசைகள், என்டிஎஸ்சி என்ற முறையில் 13தான். கேமரா எந்த முறையோ அதையே அமைப்பிலும் தேர்ந்தெடுங்கள். லிப்போ பேட்டரியின் மொத்த வோல்ட்டைவிட, ஒரு செல்லின் சராசரியைக் காட்டவைப்பது மேல், 3.5 வோல்ட் வந்ததும் ட்ரோனை இறக்கிவிடலாம்.