கடமையைச் சொல்லும் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலகக் கையேடு, குடியிருப்போர் சங்க விதிமுறை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் போன்றவற்றைத் தமிழில் எழுதப் பழகும் இளையவர்களின் படிகளைத் திருத்துவது என் வேலை. தொடக்க நாட்களில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்துகொண்டிருப்பதால் இதை எழுத நேர்ந்தது. எழுத்துப்பிழையையும் ஒற்றுப்பிழையையும் இங்கே எடுக்கவில்லை. ஒரு நல்ல அகராதியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அவை தீர்ந்துவிடும்.

'கூடாது' வர வேண்டிய இடத்தில் 'வேண்டியதில்லை'

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'செய்ய வேண்டும்' என்பதை மறுத்தால் 'செய்ய வேண்டியதில்லை' என்று வரும். கடமை இல்லை என்பது மட்டுமே அதன் பொருள், விரும்புகிறவர் செய்துகொள்ளலாம். 'செய்யலாம்' என்னும் இசைவை மறுப்பதற்குரிய சொல் 'செய்யக் கூடாது'. தடை அங்கேதான் இருக்கிறது. இந்தக் 'கூடாது' என்பதைக் 'கூடும்' என்பதன் நேர் எதிராகக் கருதுவதும் பயன்படாது, ஏனெனில் 'மழை வரக்கூடும்' என்று இன்று எழுதினால் அது வாய்ப்பைச் சொல்கிறதே தவிர இசைவைச் சொல்லவில்லை.

இலக்கணம் தெரியாமல் யாரும் இதில் விழுவதில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டில் எல்லோரும் பிழையின்றிப் பேசுகிறார்கள். 'அடுப்புக்கிட்டே போகக் கூடாது' என்று குழந்தையிடம் சொல்லும் தாய் ஒருபோதும் 'போக வேண்டியதில்லை' என்று சொல்வதில்லை. எழுத உட்கார்ந்தவுடன் 'கூடாது' என்பது அதட்டலாகத் தோன்றி, மரியாதைக்காக 'வேண்டியதில்லை', 'தேவையில்லை', 'அவசியமில்லை' என்று மென்மையாக்கிவிடுகிறார்கள். மென்மையானது தொனி மட்டுமன்று, விதியும்தான்.

ஒரு நூற்பாலையின் தொழிலாளர் பாதுகாப்புக் கையேட்டில் 'இயந்திரம் ஓடும்போது காப்பு மூடியைத் திறக்க வேண்டியதில்லை' என்று அச்சாகிவிட்டது. திருத்திய படியில் 'கூடாது' என்றுதான் இருந்தது. கடைசி நேரத்தில் யாரோ அதை நயமாக்கியிருக்கிறார்கள். கையேட்டை வழங்கும் கூட்டத்தில் மூத்த மேஸ்திரி ஒருவர் எழுந்து, 'அப்படின்னா திறக்கணும்னு தோணினா திறந்துக்கலாமா?' என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. பஞ்சு அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தாமலே மூடியைத் திறந்து கையை விடுகிறவர்களை அவர் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 21ஆம் பிரிவில், இயங்கும் பாகங்களுக்குக் காப்பு அமைப்பதை ஆலையின் கடமையாக்கியது. 111ஆம் பிரிவில், தொழிலாளர் நலனுக்காகவும் பாதுகாப்புக்காகவும் வைத்த சாதனங்களில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைத் தொழிலாளருக்குத் தடைசெய்தது. அந்தத் தடையை ஆலையே தன் கையேட்டில் தளர்த்திக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் அந்த வரியின்மேல் திருத்தச் சீட்டு ஒட்டி முடிப்பதற்குள், மீண்டும் அச்சடித்திருந்தாலே நேரம் மிஞ்சியிருக்கும் என்று அனைவருக்கும் தோன்றியது.

இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், 'திறக்க வேண்டாம்' என்று மாற்றிக்கொண்டு வருவார்கள். 'வேண்டாம்' இருபுறமும் சாயும் சொல். 'இங்கே வாகனங்களை நிறுத்த வேண்டாம்' என்றால் தடை. 'நாளைக்கு நீங்கள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் விலக்கு. நேரில் பேசும்போது குரலும் முகமும் அதைப் பிரித்துக் காட்டிவிடும், அச்சிட்ட தாளில் அந்த வசதி இல்லை. மருந்துத் தாளில் 'ஒரு நாளைக்கு மூன்று மாத்திரைக்கு மேல் சாப்பிடத் தேவையில்லை' என்று இருந்தால், இரவில் வலி தாங்காதவர் நான்காவதை எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'முதியோர் வரிசையில் நிற்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினால், சலுகை பெற வேண்டியவர்கள் துரத்தப்படுகிறார்கள். நான் சொல்லித் தரும் சோதனை எளியது: வாக்கியத்தின் பின்னால் 'விரும்பினால் செய்துகொள்ளலாம்' என்று சேர்த்துப் பாருங்கள், பொருந்தினால் 'வேண்டியதில்லை', பொருந்தாவிட்டால் 'கூடாது'.

கடனைக் கடமையாக்குவது

கடன் என்றால் வட்டிக்கு வாங்கியது மட்டும்தான் என்று எண்ணி, மற்ற இடங்களில் எல்லாம் 'கடமை' என்று மாற்றுகிறார்கள். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்னும் புறநானூற்று 312ஆம் பாடலில் கடன் என்பது கடமையேதான். அந்தப் பொருள் இன்றும் காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன் ஆகிய சொற்களில் உயிரோடு இருக்கிறது. 'நேர்த்திக் கடமை' என்று ஒரு படியில் பார்த்தபோது சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்னொரு பக்கம், 'கடனே என்று செய்தார்', 'கடமைக்குச் செய்தார்' என்ற இரண்டும் வழக்கில் வேண்டாவெறுப்பாகச் செய்தார் என்றே பொருள்படும். பாராட்டுரையில் 'அவர் கடமைக்காகவே உழைத்தார்' என்று எழுதுமுன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பொறுப்பும் கடமையும்

கடமை, செய்ய வேண்டியதைச் சொல்கிறது. பொறுப்பு, விளைவுக்குப் பதில் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதுகிறார்களே தவிர 'நிர்வாகத்தின் கடமையல்ல' என்று எழுதுவதில்லை.

யார் செய்ய வேண்டும் என்பதை விழுங்குவது

'நீர்த்தொட்டி சுத்தம் செய்யப்பட வேண்டும்' என்ற விதியை வைத்துக்கொண்டு எந்தச் சங்கமும் தொட்டியைச் சுத்தம் செய்ததாக நான் பார்த்ததில்லை. சங்கச் செயலாளரா, காவலாளியா, குடியிருப்பவரா என்பதை எழுவாயாக முன்னே வையுங்கள். நான்காம் வேற்றுமையிலும் கவனம் தேவை: 'வாடகைதாரர் முன்பணம் கொடுக்க வேண்டும்' என்பதில் கொடுப்பவர் அவர், 'வாடகைதாரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்' என்பதில் பெறுபவர் அவர். ஒரு 'கு' உருபில் பணம் திசை மாறிவிடுகிறது.

'கண்டிப்பாகக் கட்டாயம் அவசியம்'

ஒன்று போதும், 'வேண்டும்' இருந்தால் அந்த ஒன்றும் மிகை.