‘டெல் மீ அபவுட் இட்’ என்றார், நானும் சொன்னேன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் ‘இந்த சாஃப்ட்வேர் ரொம்ப இழுக்கிறது’ என்று புலம்பினேன். அவர் பெருமூச்சு விட்டு, ‘டெல் மீ அபவுட் இட்’ என்றார். கேட்கிறாரே என்று பத்து நிமிடம் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதன் பொருள், ‘அதை ஏன் கேட்கிறீர்கள், எனக்கும் அதே பாடுதான்!’ நாம் ‘ஏன் கேட்கிறீர்கள்’ என்கிற இடத்தில் அவர்கள் ‘சொல்லுங்கள்’ என்கிறார்கள்.

அன்றிலிருந்து, புதிய தொடர் காதில் விழுந்தால் சொல்லுக்குச் சொல் பொருள் தேடுவதில்லை. சொன்னவர் அடுத்து என்ன செய்கிறார் என்றுதான் பார்க்கிறேன். உண்மையாகவே கேட்டவர் நம் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். அலுத்துக்கொண்டவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

பதில் சொல்லும்போது வழுக்கிவிடுகிற தொடர்களும் உண்டு. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்றால் ‘உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?’ என்று பொருள். நல்லெண்ணத்தோடு ‘யெஸ்’ என்றால் உட்காராதே என்று ஆகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்பதை மனப்பாடம் செய்துவிடுங்கள். காபி வேண்டுமா என்றதற்கு ‘ஐம் குட்’ என்று பதில் வந்தால், வேண்டாம் என்று அர்த்தம். ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் பயமெல்லாம் இல்லை. சங்கடமான செய்தி ஏதோ வரப்போகிறது.

பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்பதும் முக்கியம். ‘க்வைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே பாராட்டுகிறார். பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல நேரம் ‘பரவாயில்லை’ அளவுதான். குரலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கூட்டத்தில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நெடுநேரம் சண்டை போட்டதாகவும், கடைசியில் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று தெரிந்ததாகவும் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

சில தொடர்களுக்குப் பின்கதை தெரிந்தால் மறக்காது. மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க அமெரிக்காவில் கொடுத்த சீட்டுதான் ‘ரெயின் செக்’. அழைப்புக்கு அப்படிப் பதில் வந்தால், ‘இன்று முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று பொருள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொடர், யார் சொன்னது, அதற்குப் பிறகு என்ன நடந்தது: இவ்வளவு போதும். அப்புறம், அந்த இடத்தில் நாம் தமிழில் என்ன சொல்லியிருப்போம் என்று பக்கத்தில் எழுதுங்கள். என் நோட்டின் முதல் வரி, ‘அதை ஏன் கேட்கிறீர்கள்!’