பகிர்ந்து வாழும் வீட்டில் ஓசிச் சவாரியைக் குறைப்பது எப்படி

நால்வர் இருக்கும் வீட்டில் ஒருவர் முக்கால் மணி நேரம் குளியலறையைத் தேய்த்துக் கழுவினால் பலன் நால்வருக்கும் போகிறது, இடுப்பு வலி அவருக்கு மட்டும். கழுவாதவரை அந்தச் சுத்தத்தை அனுபவிக்காதே என்று தடுக்கவும் முடியாது. பொதுப்பண்டம் என்று பொருளாதாரம் சொல்வது இதைத்தான். உழைக்காமல் பலனை மட்டும் அனுபவிப்பது ஓசிச் சவாரி. ஆளைத் திருத்தப் பார்ப்பதைவிட ஏற்பாட்டைத் திருத்துவது சுலபம்.

முதல் வேலை, பொதுவாக இருப்பவற்றைக் குறைப்பது. பாத்திரச் சண்டைக்கு அட்டவணை போடாதீர்கள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். மிச்சத்தைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். கழுவாமல் போட்டது யார் என்று கேட்கவே வேண்டியிருக்காது. அடுத்த வேளைக்குத் தட்டு இல்லாதவரே கழுவுவார். ஃப்ரிட்ஜிலும் அலமாரியிலும் ஆளுக்கொரு அடுக்கு. சோப்பு, ஷாம்பு அவரவர் செலவு.

மின்கட்டணம் சற்றுச் சிக்கலானது. சமமாகப் பிரித்தால், கூடுதலாக ஓடும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஓட்டியவர் கால் பங்கே தருகிறார். முக்கால் பங்கு மற்றவர்கள் தலையில். விளக்கு, ஃப்ரிட்ஜ் போன்றவற்றைச் சமமாகவே பிரிக்கலாம். அறைக்குள் ஓடும் ஏசி, ஹீட்டருக்கு மட்டும் தனி சப்-மீட்டர் வையுங்கள். மீட்டர் இல்லையென்றால் வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்துக்கொள்ளலாம்: 1500 வாட் ஹீட்டர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 30 நாளில் 45 யூனிட். ஏசி இடையிடையே நின்று ஓடுவதால் இந்தக் கணக்கு அதற்குச் சரிவராது, மீட்டர்தான் வழி.

இவ்வளவுக்குப் பிறகும் பொதுவாக நிற்கும் வேலைகளைத்தான் பங்கிட வேண்டும். ஒரு வாரம் யார் எதை எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று எழுதுங்கள். நினைவை நம்பக்கூடாது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது நினைவில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதில்லை.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். வாரத்துக்குக் குளியலறை 40 நிமிடம், அடுப்பும் மேடையும் தினம் 10 வீதம் 70, குப்பை தினம் 5 வீதம் 35, ஹால் இரண்டு முறை 25 வீதம் 50, பொதுப் பொருள் வாங்க 45. மொத்தம் 240, தலைக்கு 60 நிமிடம். குளியலறையை 40 நிமிடக் கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். ஏலம் விடுங்கள்: அந்த வேலைக்கு எழுதும் நிமிடத்தை 50, 60 என்று ஏற்றிக்கொண்டே போய், முதலில் சரி என்பவருக்கு அது. 60-இல் நின்றால் மொத்தம் 260, பங்கு 65. குளியலறையை எடுத்தவருக்கு இன்னும் 5 நிமிட வேலைதான் பாக்கி. வெறுப்புக்கும் கூலி போட்டாயிற்று.

'அழுக்கானால் துடைப்போம்' என்ற ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். அழுக்கு முதலில் யார் கண்ணை உறுத்துகிறதோ அவரே கடைசிவரை துடைத்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு அது அழுக்காகத் தெரியும் முன்பே சுத்தமாகிவிடும். நாளும் நேரமும் குறியுங்கள்: ஞாயிறு பகல் 12 மணிக்குள். முடிந்தது என்பதற்கும் பொருள் எழுதுங்கள்: குளியலறை என்றால் தரை பிரஷ் போட்டுத் தேய்த்தது, கழிப்பறைக் கோப்பையும் பேசினும் கழுவியது, வடிகாலில் முடி எடுத்தது, கூடை காலி.

முறைவைத்துச் செய்யும் வேலையில் கசிவு ஏற்படுவது கைமாறும் நாளில்தான். கடைசி நாள் விட்ட அழுக்கு அடுத்தவர் கணக்கில் ஏறும். ஆகவே அடுத்த முறைக்காரரே பார்த்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பொது வளங்களை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், ஸ்பெயினின் பழைய பாசனங்களில் இதைக் காட்டியிருக்கிறார்: தண்ணீர் முறைக்குக் காத்திருக்கும் விவசாயி, முந்தையவர் நேரம் கடத்தாமல் தானே பார்த்துக்கொள்கிறார். அதற்கென்று அவர் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

முறை தவறினால் அபராதம் போடலாமா? வேண்டாம். இஸ்ரேலில் குழந்தைகள் காப்பகங்களில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் கூடியது, அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. உரி க்னீசி, ஆல்டோ ரஸ்டிகினி 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது. காசு கட்டினால் தவறு கட்டணச் சேவையாகிவிடுகிறது. அபராதத்துக்குப் பதில், முதல் தவறுக்கு 48 மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டும், இரண்டாவதற்கு அதோடு அடுத்தவர் முறை ஒன்றையும் செய்ய வேண்டும், மூன்றாவது என்றால் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது.

எதுவும் சொல்லாமல் கோபத்தில் வேலையை நிறுத்துவது மோசமான உத்தி. ஆய்வுக்கூட விளையாட்டு ஒன்றில் நால்வருக்குத் தலா 20 டோக்கன் கொடுத்து, பொது உண்டியலில் விழுவதை 1.6 மடங்காக்கிச் சமமாகப் பிரிப்பார்கள். ஒன்று போட்டவர் கைக்கு வருவது 0.4தான். ஆனாலும் தொடக்கத்தில் சராசரியாகப் பாதியளவு போடுகிறார்கள், சுற்று ஏற ஏற அது வற்றுகிறது. காரணம், அடுத்தவர் போட்டால் நானும் போடுவேன் என்பவர்களே அதிகம். வீட்டில் ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களும் அதைப் பார்த்தே நிறுத்துவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் பேசினால் போதும்.

ஆறு பேர் ஆகிவிட்டால் ஒரே பட்டியல் நிற்காது. இரண்டு குளியலறை இருந்தால் மூவருக்கு ஒன்று என்று ஒதுக்கிவிடுங்கள்.

பொதுச் செலவுக்குப் பணம் முன்கூட்டியே சேரட்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு வசூலிப்பவர் வட்டியில்லாக் கடன்காரரைத் துரத்துபவராகிவிடுவார். வேலைக்கு ஆள் வைத்தாலும் அந்தப் பணம் இதிலிருந்தே போகட்டும். ஆனால் ஆள் வருமுன் தரையில் கிடப்பதை எடுத்து வைக்கும் வேலையை யார் செய்வது என்று எழுதாமல் விட்டால், ஓசிச் சவாரி அங்கே ஏறிக்கொள்ளும். வீட்டை விட்டுப் போகிறவரின் முன்பணத்தை, அவருடைய கடைசி முறை முடிந்து அடுத்தவர் கையெழுத்திட்ட பிறகு திருப்பிக் கொடுங்கள். புதியவர் வந்ததும் ஏலத்தை மறுபடி நடத்துங்கள். பழையவரின் வேலையை அப்படியே அவர் தலையில் கட்ட வேண்டாம்.